அந்த பாக்டீரியா அங்கே இல்லை

ஒரு பாக்டீரியாவின் பெயர் எங்கள் முடிவுப் பட்டியலில் திரும்பத் திரும்ப வந்துகொண்டே இருந்தது. திசு மாதிரிகளில் என்னென்ன நுண்ணுயிர்கள் இருக்கின்றன என்று பார்ப்பதுதான் எங்கள் குழுவின் வேலை. மாதிரியில் உள்ள டிஎன்ஏ முழுவதையும் சீக்வென்ஸ் செய்வோம், அதாவது அதன் எழுத்து வரிசையை ரீடுகள் எனும் சின்னத் துண்டுகளாகப் படிப்போம், மனித டிஎன்ஏவைக் கழிப்போம், மிச்சமிருக்கும் ரீடுகளைப் பொதுத் தரவுத்தளத்தில் இருக்கும் ஜீனோம்களோடு (உயிரினங்களின் முழு டிஎன்ஏ தொடர்களோடு) ஒப்பிட்டு எது எந்த உயிரினத்துடையது என்று மென்பொருள் பெயர் சூட்டும். அப்படிப் பெயர் சூட்டியதில் மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியா கிட்டத்தட்ட எல்லா மாதிரிகளிலும் இருந்தது. நோயாளி, நோயில்லாதவர் என்ற வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் மனித டிஎன்ஏ எந்த மாதிரியில் அதிகமோ அந்த மாதிரியில் இந்த பாக்டீரியாவும் அதிகம். அதுதான் உறுத்தியது. மண்ணில் வாழும் ஒரு ஜீவன் ஏன் மனித டிஎன்ஏவின் அளவுக்குத் தக்கபடி கூடிக் குறைய வேண்டும்?

பட்டியலை மூடிவிட்டு, அந்தப் பெயர் சூட்டப்பட்ட ரீடுகளை மட்டும் பிரித்தெடுத்து, பாக்டீரியாவின் ஜீனோம் மேல் மறுபடி பொருத்திப் பார்த்தேன். ஒரு பாக்டீரியா உண்மையிலேயே மாதிரியில் இருந்தால், அதன் ரீடுகள் முற்றத்தில் விழும் மழைத்துளி மாதிரி ஜீனோம் முழுக்கச் சிதறி விழும். குறைவாக இருந்தால் குறைவாக விழும், ஆனால் எல்லாப் பக்கமும் விழும். இங்கே சுமார் 50 லட்சம் எழுத்துகள் கொண்ட ஜீனோம் முழுக்க வெறிச்சோடிக் கிடந்தது. அந்த ஜீனோமின் துண்டுகளில் கடைசியாக, எண்ணூறு எழுத்துகூட இல்லாத ஒரு குட்டி கான்டிக் (ரீடுகளைக் கோத்து உண்டாக்கிய தொடர்ச்சியான துண்டு) மேல் மட்டும் அத்தனை ரீடுகளும் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்திருந்தன, அதுவும் அதன் நடுவில் ஒரு 300 எழுத்து அகலத்துக்குள். அந்த 300 எழுத்தை எடுத்து, ஒத்த தொடர்களைத் தேடித்தரும் பிளாஸ்ட் என்ற கருவியில் போட்டால் முதல் பக்கம் முழுக்க மனிதன், சிம்பன்சி, கொரில்லா. அது ஒரு ஆலு தொடர்.

ஆலு என்பது குரங்கினத்துக்கே உரிய ஒரு திரும்பவரும் தொடர். நீளம் சுமார் 300 எழுத்து, நம் ஜீனோமில் 10 லட்சத்துக்கும் மேற்பட்ட பிரதிகள், நம் டிஎன்ஏவில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு அதுவே. எந்த பாக்டீரியாவிலும் அது இருக்க வழியில்லை. அப்படியானால் நடந்தது இதுதான்: பல வருடங்களுக்கு முன் யாரோ அந்த பாக்டீரியாவைச் சீக்வென்ஸ் செய்தபோது ஒரு துளி மனித டிஎன்ஏ உள்ளே போயிருக்கிறது. மாசு மிகக் குறைவாக இருந்தாலும், ஆலுவுக்கு இத்தனை பிரதிகள் இருப்பதால் அதன் ரீடுகள் மட்டும் ஒன்றோடொன்று ஒட்டி ஒரு கான்டிக்காகிவிடும். ரீடுகளைக் கோத்து ஜீனோமாக்கும் அசெம்பிளி மென்பொருளுக்கு எது யாருடையது என்று தெரியாது, ஒன்றன்மேல் ஒன்று படிகிறதா என்று மட்டும்தான் பார்க்கும். அந்தக் கான்டிக் பாக்டீரியாவின் பெயரிலேயே தரவுத்தளத்துக்குப் போனது. நாங்கள் மனித ரீடுகளைக் கழித்த பிறகும், சற்றே மாறுபட்ட ஆலு பிரதிகள் சில சல்லடையில் தப்பி வந்தன. அவற்றுக்கு மென்பொருள் ஒரு மண் பாக்டீரியாவின் பெயரை வைத்தது. நாங்கள் நுண்ணுயிர் என்று எண்ணிக்கொண்டிருந்தது, மாதிரி கொடுத்தவர்களின் சொந்த டிஎன்ஏ.

இதைக் கண்டுபிடித்ததில் எனக்குப் பெரிய சாமர்த்தியம் இருப்பதாக நினைக்கவில்லை. இந்தத் துறையில் இருப்பவர்களுக்கு இது பழகிய கதை. 2011-இலேயே குரங்கினம் அல்லாத உயிரினங்களின் 2,749 தரவுத் தொகுப்புகளில் ஆலுவைத் தேடிப் பார்த்த ஒரு குழு, 492-இல் மனிதத் தொடர் இருப்பதைக் காட்டியது. 2019-இல் ஸ்டீவன் சால்ஸ்பெர்க்கின் குழு பாக்டீரியா, ஆர்க்கியா ஆகிய நுண்ணுயிர்களின் ஜீனோம்களைச் சலித்ததில், மனித டிஎன்ஏ கலந்தவை 2,250 கிடைத்தன. அதைவிடக் கவலையான விஷயம், அந்த மனிதத் துண்டுகளிலிருந்து தானியங்கி மென்பொருள்கள் 3,437 பொய்யான புரதங்களை உண்டாக்கி வைத்திருந்தன. ஒரே துண்டு பல பாக்டீரியாக்களில் கலந்திருந்ததால், அந்தப் பொய்ப் புரதங்கள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போய், தூரத்து இனங்களில்கூட மாறாமல் காக்கப்பட்ட முக்கியமான புரதக் குடும்பம் போலக் காட்சியளித்தன. மறுவருடம் கான்டெர்மினேட்டர் என்ற மென்பொருள், உலக ஆய்வாளர்கள் தங்கள் தொடர்களைப் பதிவேற்றும் பொதுத் தரவுத்தளமான ஜென்பேங்க் முழுவதையும் ஒப்பிட்டு 20 லட்சத்துக்கும் அதிகமான மாசுற்ற பதிவுகளைக் காட்டியது.

ஆகவே மாசு இருக்கிறது என்பது என் பிரச்சினை இல்லை. கையுறை போட்டாலும், கருவியைக் கழுவினாலும், டிஎன்ஏ பிரித்தெடுக்கும் கிட்டில் வரும் திரவத்திலேயே பாக்டீரிய டிஎன்ஏ இருக்கும்போது யாராலும் முழுதாகத் தடுக்க முடியாது. சீக்வென்சர் சரியாக ஓடுகிறதா என்று பார்ப்பதற்காக வேண்டுமென்றே சேர்க்கும் ஃபை-எக்ஸ் வைரஸின் டிஎன்ஏவே ஆயிரத்துக்கும் மேற்பட்ட நுண்ணுயிர் ஜீனோம்களில் ஒட்டிக்கொண்டு வெளியாகியிருக்கிறது என்று 2015-இல் தெரிந்தது. என்னைத் தூங்கவிடாமல் செய்தது அடுத்த கட்டம். தவறு தெரிந்துவிட்டது, ஆதாரமும் கையில் இருக்கிறது, இப்போது இதை யாரிடம் சொல்வது? சொன்னால் என்ன நடக்கும்?

பதிவு யாருடையது?

பதிவை அனுப்பியவர் பெயரைப் பார்த்து எழுதினேன். பதில் வந்தது, மரியாதையான பதில். அந்த வேலையைச் செய்தபோது அவர் ஆராய்ச்சி மாணவராம். இப்போது வேறு தொழிலில் இருக்கிறார். வழிகாட்டிய பேராசிரியர் ஓய்வு பெற்றுவிட்டார், ஆய்வகம் மூடப்பட்டுவிட்டது, பதிவேற்றிய கணக்கின் கடவுச்சொல் யாரிடமும் இல்லை. மூல ரீடுகள்? அன்றைக்கு அவற்றைப் போடச் சொல்லி யாரும் கேட்கவில்லை, அதனால் போடவில்லை. "நீங்கள் சொல்வது சரிதான், பார்த்தாலே தெரிகிறது, ஆனால் நான் என்ன செய்யவேண்டும் என்று எனக்கே தெரியவில்லை" என்று முடித்திருந்தார். அந்த மனிதர் மேல் எனக்கு ஒரு துளிகூடக் கோபம் வரவில்லை. அவர் ஒளிக்கவில்லை, மறுக்கவில்லை. தான் விட்டுவந்த ஒரு வாழ்க்கையிலிருந்து எழுந்து வந்த கேள்விக்கு அக்கறையோடு பதில் சொன்னார். தரவுத்தள நிர்வாகத்துக்கு அவரே தன் பெயரில் கடிதம் எழுதவும் ஒப்புக்கொண்டார். அப்புறம் சில மாதங்கள் கழித்து அந்தக் கான்டிக் இல்லாத புதிய பதிப்பு வந்தது.

அவர் பதில் எழுதாமல் விட்டிருந்தால்? இதைத்தான் நான் அதிகம் யோசித்தேன். ஜென்பேங்க் 1982-இல் தொடங்கியபோதே அது ஓர் ஆவணக் காப்பகமாகத்தான் அமைந்தது. அனுப்பியவருக்குத்தான் அந்தப் பதிவு சொந்தம், திருத்தும் உரிமையும் அவருக்கே. இந்த விதியோடு மோதியவர்களில் பூஞ்சை ஆராய்ச்சியாளர்களும் உண்டு. பொதுத் தரவுத்தளத்தில் உள்ள பூஞ்சைத் தொடர்களில் ஐந்தில் ஒன்று வரை தவறான இனப்பெயரோடு இருக்கலாம் என்ற கணிப்பு வந்த பிறகு, 2008-இல் 250-க்கும் மேற்பட்ட பூஞ்சையியலாளர்கள் சேர்ந்து சயன்ஸ் இதழில் ஒரு கடிதம் வெளியிட்டார்கள். அவர்கள் கேட்டது ஒன்றும் பெரிய விஷயமில்லை. அருங்காட்சியகங்களில் உலர்ந்த செடி மாதிரியின் ஓரத்தில், பெயர் தவறு என்று பின்னால் வந்த நிபுணர் சின்னச் சீட்டு ஒட்டி வைப்பார், பழைய சீட்டும் அப்படியே இருக்கும், புதியதும் இருக்கும். அதே வசதியை ஜென்பேங்கிலும் கொடுங்கள் என்றார்கள். நிர்வாகம் மறுத்துவிட்டது. கண்டவர்கள் பதிவில் கைவைத்தால் காப்பகம் காப்பகமாக இருக்காது என்பது அவர்கள் கவலை.

அந்தக் கவலையை நான் லேசாகத் தள்ளவில்லை. யார் வேண்டுமானாலும் அடுத்தவர் தரவை மாற்றலாம் என்றால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும், போட்டியாளரின் பதிவைக் கெடுக்க விரும்பும் ஆட்களும் உலகில் இருக்கிறார்கள். ஆனால் பூஞ்சைக்காரர்கள் கேட்டது மாற்றும் உரிமை இல்லை, குறிப்பு வைக்கும் உரிமை. இரண்டும் வேறு. பதிவு அப்படியே இருக்கட்டும், அதன் மேல் "இந்த இடத்திலிருந்து இந்த இடம் வரை மனிதத் தொடர் என்று சந்தேகம், ஆதாரம் இதோ" என்று பெயரோடும் தேதியோடும் ஒரு வரி நிற்கட்டும். அனுப்பியவர் மறுத்தால் மறுப்பும் பக்கத்திலேயே நிற்கட்டும். இன்றைக்கு நிலைமை ஓரளவு மாறியிருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். மாசு அதிகமுள்ள அசெம்பிளிகளை (கோத்து முடித்த ஜீனோம்களை) அப்படியே குறித்து, சீர்படுத்திய தொகுப்பான ரெஃப்சீக்கில் சேர்க்காமல் விடுகிறார்கள். ஆனாலும் நிறுவனம் கண்டுபிடித்தால்தான் குறி விழும். தினமும் அந்தப் பதிவுகளைப் பயன்படுத்துகிற ஆயிரக்கணக்கான கண்கள் பார்த்ததற்குப் பதிவின் மேல் ஓர் இடம் கிடையாது.

நீர்க்கரடியும் புற்றுநோயும்

மாசினால் வெளியான தவறான கட்டுரைகளில் இரண்டை நான் எப்போதும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பேன். ஒன்று நீர்க்கரடி. அரை மில்லிமீட்டர் அளவுள்ள, உறையவைத்தாலும் உலரவைத்தாலும் பிழைத்துக்கொள்ளும் அந்தப் பிராணியின் ஜீனோமை 2015 நவம்பரில் வட கரோலினா பல்கலைக்கழகக் குழு ஒன்று வெளியிட்டது. அதன் மரபணுக்களில் 17.5 சதவீதம், அதாவது ஆறில் ஒரு பங்கு, பாக்டீரியா முதலிய மற்ற உயிர்களிலிருந்து பெறப்பட்டவை என்பது அவர்கள் முடிவு. எந்த விலங்கிலும் இவ்வளவு கடன் மரபணுக்கள் கண்டதில்லை என்பதால் செய்தி உலகம் சுற்றியது. அதே இனத்தை எடின்பரோவில் மார்க் பிளாக்ஸ்டரின் குழுவும் தனியாகச் சீக்வென்ஸ் செய்துகொண்டிருந்தது. சில நாட்களிலேயே அவர்கள் தங்கள் ஆய்வைப் பிரீபிரிண்டாக, அதாவது மதிப்பாய்வுக்கு முன்பே பொதுவில், போட்டுவிட்டார்கள். அவர்கள் ஜீனோம் சுமார் 13.5 கோடி எழுத்து, முதல் குழுவினுடையது 21 கோடிக்கும் மேல். அதிகமாக இருந்ததில் பெரும்பகுதி நீர்க்கரடியே இல்லை, அதோடு சேர்ந்து வளர்ந்த பாக்டீரியாக்கள். இவ்வளவு சின்னப் பிராணியிலிருந்து போதிய டிஎன்ஏ எடுக்க ஆயிரக்கணக்கில் சேர்த்து அரைக்க வேண்டும், வயிற்றில் இருப்பதும் தோலில் ஒட்டியிருப்பதும் கூடவே வரும்.

இதில் நான் திரும்பத் திரும்ப ரசிப்பது அவர்கள் காட்டிய விதத்தை. ஒரே உயிரினத்தின் குரோமோசோம் துண்டுகள் எல்லாம் ஏறக்குறைய ஒரே கவரேஜில், அதாவது ஒவ்வொரு இடத்தின் மேலும் ஏறக்குறைய ஒரே எண்ணிக்கை ரீடுகளோடு, வரவேண்டும், ஏனென்றால் அவை ஒரே செல்லிலிருந்து ஒரே எண்ணிக்கையில் வருகின்றன. பாக்டீரியா எத்தனை ஒட்டியிருந்ததோ அதற்கேற்ப அதன் கவரேஜ் வேறாக இருக்கும். ஒரு பக்கம் கவரேஜ், மறுபக்கம் ஜி-சி விகிதம் (டிஎன்ஏவின் நான்கு எழுத்துகளில் ஜி, சி இரண்டின் பங்கு, இனத்துக்கு இனம் மாறும்) என்று ஒவ்வொரு கான்டிக்கையும் ஒரு புள்ளியாக வைத்தால், நீர்க்கரடி ஒரு திட்டாகவும் பாக்டீரியாக்கள் தனித்தனித் திட்டுகளாகவும் பிரிந்து நிற்கும். முதல் குழுவின் மூல ரீடுகளையே எடுத்து இந்தப் படத்தைப் போட்டார்கள். ஆம், முதல் குழு தங்கள் ரீடுகளைப் பொதுவில் வைத்திருந்தது, அதனால்தான் முடிந்தது. கடன் மரபணுக்கள் ஒன்றிரண்டு சதவீதத்துக்கு மேல் இருக்க வாய்ப்பில்லை என்று சொன்ன மறுப்புக் கட்டுரை, முதல் கட்டுரை வந்த அதே இதழில் சில மாதங்களில் வெளிவந்தது.

இரண்டாவது புற்றுநோய். 2020-இல் நேச்சர் இதழில் வந்த ஒரு கட்டுரை, 33 வகைப் புற்றுநோய்களின் மாதிரிகளில் உள்ள நுண்ணுயிர்களை மட்டும் பார்த்து, இயந்திரக் கற்றல் மூலம் எந்தப் புற்றுநோய் என்று கிட்டத்தட்டத் துல்லியமாகச் சொல்லிவிடலாம் என்றது. ரத்தத்திலிருந்தே கண்டுபிடிக்கலாம் என்ற நம்பிக்கை பிறந்தது, அந்தத் தரவை வைத்துப் பிற ஆய்வுகள் பல கிளைத்தன. 2023-இல் அதை மறுபடி சோதித்தவர்கள் கண்டது, எங்கள் மண் பாக்டீரியாவின் கதையேதான், பல மடங்கு பெரிய அளவில். அந்தக் கட்டுரையை எழுதியவர்கள் ஒப்பிட்ட பாக்டீரிய ஜீனோம்களில் மனிதத் தொடர் கலந்திருந்தது, அதனால் லட்சக்கணக்கான மனித ரீடுகள் பாக்டீரியா என்று எண்ணப்பட்டன. அதோடு எண்ணிக்கையைச் சீராக்கிய கணக்கீட்டு முறை, இல்லாத வித்தியாசங்களைப் புற்றுநோய் வகைவாரியாக உண்டாக்கிவிட்டது. அட்ரினல் சுரப்பிப் புற்றுநோயை அடையாளம் காட்டிய முக்கியமான "நுண்ணுயிர்" ஹெபாண்டென்சோவைரஸ், இறாலைத் தாக்கும் வைரஸ். மூல எண்ணிக்கையைப் பார்த்தால் கிட்டத்தட்ட எல்லா மாதிரிகளிலும் அதற்குப் பூஜ்யம். பூஜ்யங்களைச் சீராக்கியபோது அவற்றில் ஒரு முத்திரை விழுந்துவிட்டது, இயந்திரம் அதைக் கற்றுக்கொண்டது. 2024 ஜூனில் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. வெளியாகி நான்கு வருடம் ஆகியிருந்தது.

நீர்க்கரடிக்கு நாட்கள், புற்றுநோய்க்கு ஆண்டுகள். நீர்க்கரடி விஷயத்தில் அதே விலங்கை வைத்திருந்த இன்னொரு குழு தயாராக இருந்தது, அது அதிர்ஷ்டம். புற்றுநோய் மாதிரிகளின் மூலத் தரவு நோயாளிகளின் அந்தரங்கம் என்பதால் அனுமதி வாங்கித்தான் தொட முடியும், அது நியாயமும்கூட. ஆனால் நான் பார்ப்பது இதை: இரண்டிலும் தவறு மாட்டியது, யாரோ முடிவைத் தாண்டி மூலத்துக்குப் போனபோதுதான். கட்டுரையை எத்தனை முறை படித்தாலும் மதிப்பாய்வாளருக்கு அது தெரிந்திருக்காது. அழகாகச் சீராக்கிய அட்டவணையில் இறால் வைரஸ் ஒரு எண் மட்டும்தான். அதனால்தான் எங்கள் பாக்டீரியாவை அனுப்பிய அந்தப் பழைய மாணவரிடம் மூல ரீடுகள் இல்லை என்று படித்தபோது எனக்கு அவ்வளவு வருத்தமாக இருந்தது. ஆலு என்பதால் தொடரைப் பார்த்தே சொல்ல முடிந்தது. இன்னொரு பாக்டீரியாவின் துண்டு கலந்திருந்தால் என்ன செய்திருப்பேன்? அது உண்மையிலேயே ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவிய மரபணுவா, ஆய்வக மேசையில் நடந்த கலப்பா என்று கவரேஜ் இல்லாமல் தீர்ப்பது மிகக் கடினம்.

பதிவு திருந்திய பிறகு

பதிவு திருந்தியதும் எங்கள் பட்டியலிலிருந்து அந்தப் பெயர் போய்விடும் என்று நினைப்பீர்கள். போகவில்லை. நாங்கள் பயன்படுத்தும் மென்பொருளுக்கான ஒப்பீட்டுத் தொகுப்பு, பழைய பதிப்பிலிருந்து எப்போதோ கட்டப்பட்டுப் பதிவிறக்கத்துக்கு வைக்கப்பட்டது. பலரும் வருடக்கணக்கில் அதையே வைத்து ஓட்டுகிறார்கள், மாற்றினால் பழைய முடிவுகளோடு ஒப்பிட முடியாதே என்று. அந்தக் கான்டிக்கிலிருந்து பிறந்த புரதத்தை மற்றத் தரவுத்தளங்கள் தானாகவே எடுத்துச் சேர்த்திருந்தன. தவறு போன பாதையெல்லாம் இயந்திரம் போட்ட பாதை, யாரும் கேட்காமலேயே இரவோடு இரவாகப் பிரதியாகிவிடுகிறது. திருத்தம் ஒவ்வொரு வாசலிலும் ஒரு மனிதர் போய்த் தட்டினால்தான் உள்ளே போகிறது.

இன்னொரு வாசலையும் தட்டிப் பார்த்தேன். அதே பாக்டீரியாவை ஒரு நோயின் அடையாளமாகக் குறிப்பிட்ட ஒரு கட்டுரை கண்ணில் பட்டது. ஆசிரியர்களுக்கு எழுதினேன், பதில் இல்லை. இதழுக்கு எழுதினேன். முறைப்படி ஒரு கடிதமாக எழுதி அனுப்புங்கள், ஆசிரியர்களின் மறுமொழியோடு சேர்த்து மதிப்பாய்வுக்குப் போகும் என்றார்கள். ஒரு கட்டுரைக்குச் செலவிடும் உழைப்பு அதற்கும் வேண்டும், ஆனால் ஒரு மாணவர் வேலைக்கு விண்ணப்பிக்கும்போது இந்தக் கடிதம் கணக்கில் வராது. என்னோடு இதில் உழைத்த மாணவியிடம் "இதை விட்டுவிட்டு உன் ஆய்வறிக்கையைப் பார்" என்று சொல்லும்போது எனக்கு மனசே ஆறவில்லை. அவள் செய்துகொண்டிருந்ததுதான் அந்த வருடம் எங்கள் ஆய்வகத்தில் நடந்த மிக நேர்மையான அறிவியல்.

இவ்வளவு சொன்னாலும் இது கைமீறிப்போன காரியம் என்று நான் நம்பவில்லை. ஜென்பேங்க்கை நடத்தும் நிறுவனமே எஃப்சிஎஸ்-ஜிஎக்ஸ் என்ற கருவியை உருவாக்கி, 16 லட்சம் அசெம்பிளிகளைச் சலித்து 2024-இல் முடிவை வெளியிட்டது. மொத்த எழுத்துகளில் மாசு 0.16 சதவீதம். அதில் பாதி வெறும் 161 அசெம்பிளிகளில் குவிந்திருந்தது. மீதிப் பாதிதான், எங்கள் குட்டி கான்டிக் மாதிரி, மற்ற ஏராளமான பதிவுகளில் சிதறிக் கிடக்கிறது, ஒவ்வொன்றும் யாரோ ஒருவர் கண்ணில் பட்டால்தான் உண்டு. அந்தக் கருவி இப்போது யாருக்கும் இலவசம், பதிவேற்றும் முன்பே ஓட்டிப் பார்க்கலாம்.

உங்கள் பட்டியலிலும் பொருந்தாத ஒரு பெயர் வந்தால், தயவுசெய்து அதைப் பேசாமல் அழித்துவிட்டுப் போய்விடாதீர்கள். பெரும்பாலானோர் அப்படித்தான் செய்கிறார்கள், அவரவர் சொந்தக் கழிப்புப் பட்டியல் ஒன்று அவரவர் கணினியில் இருக்கிறது, அடுத்தவருக்குத் தெரிவதில்லை. பதிவு எண், பதிப்பு எண், எந்த எழுத்திலிருந்து எந்த எழுத்து வரை, எதோடு எத்தனை சதவீதம் ஒத்துப்போகிறது, ரீடுகள் குவிந்திருக்கும் படம் ஒன்று, இவ்வளவையும் ஒரே மின்னஞ்சலில் வைத்து அனுப்பியவருக்கும் தரவுத்தளத்தின் உதவி முகவரிக்கும் சேர்த்தே அனுப்புங்கள். குற்றம் சொல்லும் தொனி வேண்டாம், அந்த முனையில் இருப்பவர் என்றோ மாணவராக இருந்த யாரோ ஒருவராக இருக்கலாம். உங்கள் கட்டுரையின் இணைப்பிலும் அந்த வரியைச் சேர்த்துவிடுங்கள். நாங்கள் எங்கள் கழிப்புப் பட்டியலை ஒவ்வொரு வரிக்கும் காரணத்தோடு பொதுவில் போட்டுவிட்டோம். இதழுக்கு எழுதிய கடிதம் இன்னும் மதிப்பாய்வில் இருக்கிறது.